மச்சாள் வைத்திருந்த எண்

எனக்கு வாய் நீளம் என்பது திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கை முழுக்கத் தெரியும். கணக்கில் என்னை வெல்ல ஆளில்லை என்பதும் தெரியும், ஏனென்றால் அதையும் நானே சொல்லித் திரிந்தேன். காலையிலும் மாலையிலும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் ரியூசன் கொடுக்கிறேன். நடுவில் கிடைத்த நேரமெல்லாம், அவுஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் தூரத்திலிருந்தபடியே பதிந்து, கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தேன். சோடியாக இருக்கும் நியூத்திரன் விண்மீன்கள் பிறந்தபோது என்ன வேகத்தில் புறப்பட்டன என்பதுதான் ஆய்வு. அதால் என்ன பிரயோசனம் என்று யாராவது கேட்டால், நீங்கள் பார்க்கிற நாடகத்தால் என்ன பிரயோசனம் என்று திருப்பிக் கேட்பேன். அதோடு கதை முடிந்துவிடும்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்வது. சூரியனைவிடப் பலமடங்கு பெரிய விண்மீன் ஒன்று வெடித்துச் சாகும்போது, அதன் நடுப்பகுதி இறுகி ஓர் உருண்டையாகிவிடும். திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு விளிம்பை வைத்தால் மற்ற விளிம்பு நிலாவெளியைத் தாண்டிக் கொஞ்சம் போகும், அவ்வளவுதான் அகலம். பாரமோ சூரியனைவிடக் கூட. வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரேயளவாக நடக்காது. ஒரு பக்கம் கூடினால் உருண்டைக்கு மறுபக்கம் உதை விழும். பிறந்தவுடனே உதை வாங்கும் பிள்ளை. சிலது செக்கனுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் போய்விடும்.

அந்த விண்மீனுக்குப் பக்கத்தில் துணை விண்மீன் ஒன்று இருந்தால்தான் கதை சுவைப்படும். உதை பலமாக இருந்தால் சோடி பிரிந்துவிடும். மெல்லியதாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு சேர்ந்தே போகும். வெடிப்பதற்கு முன்பே துணை இழுத்து இழுத்து மேல்பகுதியை எடுத்துவிட்ட விண்மீனிடம், வெடித்து வீசுவதற்கு அதிகம் மிச்சமிராது. ஆகவே உதையும் மெல்லியது. இன்றைக்கு நாம் பார்க்கிற சோடிகள் எல்லாமே அப்படி மெல்லப் பிறந்தவை என்பது என் கட்சி.

என் மேற்பார்வையாளர் எதிர்க்கட்சி. நல்ல மனுசன், ஆனால் பிடிவாதத்தில் எனக்குச் சமன். சோடியாக மிஞ்சியவற்றை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும், பலமாக உதைபட்டவை பிரிந்து போய் உன் பட்டியலுக்கே வரவில்லையே என்றார். சரி, பிரிந்தவற்றையும் கணக்கில் சேர்க்கிற மாதிரி எழுதிக் கொடுத்தேன். அப்போதும் என் கட்சிதான் வென்றது. அதன் பிறகுதான் அவர் என் பட்டியலைத் தொடக்கத்திலிருந்து பார்த்து, நான் நம்பமுடியாத அளவீடு என்று நீக்கிய சோடிகளை வரிசைப்படுத்தி அனுப்பினார். நீக்கிய ஒவ்வொன்றுக்கும் என்னிடம் நியாயம் இருந்தது. ஆனால் நீக்கிய ஒவ்வொன்றும் என் கட்சிக்கு எதிரானதாக இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. விடை தெரிந்துகொண்டு கணக்குச் செய்தால் கை தானாகவே விடையின் பக்கம் சாயும்.

எங்கள் துறையில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. விடையை ஆய்வாளரிடமிருந்தே மறைத்துவிடுவது. கணினி நிரல் ஓர் இரகசிய எண்ணைத் தானே எடுத்து, கிடைக்கிற பிறப்பு வேகம் ஒவ்வொன்றோடும் கூட்டிவிடும். எந்தச் சோடி எதைவிட வேகம் என்று பார்க்கலாம். ஆனால் உண்மையில் எல்லாம் மெல்லியவையா, பலமானவையா என்று சொல்ல ஏலாது. வேலையை முழுதாக முடித்து, இனி ஒன்றையும் தொடமாட்டேன் என்று உறுதியளித்த பிறகுதான் அந்த எண்ணைப் போட்டுக் கழிப்பது. கழித்த பின் வருவது எதுவோ அதுதான் விடை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதைத்தான் எழுதவேண்டும்.

எண்ணைத் தானே வைத்திருப்பதாக மேற்பார்வையாளர் சொன்னார். எதிர்க்கட்சிக்காரரிடம் பெட்டிச் சாவியைக் கொடுப்பேனா? இரண்டு கட்சியிலும் சேராத ஆளாக என் மச்சாளைச் சொன்னேன்.

மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. என்னைவிட மூன்று வயது குறைவு. கணவர் கப்பலில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் கடலில்தான். ஆகவே வீட்டில் நானும் அவளும். இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்குப் பிறப்பு, இறப்புப் பதிவுக் கந்தோரில் உத்தியோகம். விண்மீன்களைப் பற்றி அவளுக்கு ஒரேயொரு அபிப்பிராயம்தான், அவை என்னை நேரத்துக்குச் சாப்பிட விடுவதில்லை என்பது.

அவளை லப்டொப்பின் முன் இருத்திவிட்டு நான் குசினிக்குள் போய் நின்றேன். திரையில் வந்த எண்ணை அவள் கந்தோரில் எழுதுகிற மாதிரியே, இலக்கத்திலும் எழுத்திலும், ஒரு தாளில் எழுதினாள். திரையை மூடினாள். தாளை மண்ணிறக் கடித உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்துக்குக் குறுக்காகக் கையெழுத்து வைத்தாள். என்ன நிபந்தனையில் கொடுப்பது என்று கேட்டாள். நான் பெரிய கதாநாயகி மாதிரிச் சொன்னேன்: "நான் அழுதாலும் தரவேண்டாம். முடிஞ்சுது, இனித் தொடமாட்டன் எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்தாப் பிறகுதான் தரவேணும்." அவள் அதையும் எழுதிக்கொண்டாள். உறை அவளுடைய அலுமாரிக்குள் போய் ஆறு மாதம் இருந்தது.

பிரச்சினை கடைசிக் கிழமையில் வந்தது. பல்கலைக்கழகம் எனக்கு ஏற்கெனவே இரண்டு தடவை தவணை நீட்டித் தந்திருந்தது. இனி இல்லை என்று எழுத்தில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் நேரம் மதியத்துக்குள் ஆய்வேடு போகாவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருட உழைப்பு தண்ணீரில் போய்விடும். கடைசி அத்தியாயத்தில் அந்த விடையைத் தவிர எல்லாம் எழுதியாயிற்று.

அந்த நேரம் பார்த்து ஒரு சோடி குறுக்கே நின்றது. மற்றவை எல்லாம் வரைபில் ஒரு பக்கமாகக் கிடக்க, அது மட்டும் தனியாக வெகுதூரம் விலகி, மிக வேகமாக, உச்சியில். இரகசிய எண் பெரியதாக இருந்தால் கழித்த பின் அது ஆபத்தில்லை. சிறியதாக இருந்தால் என் கட்சியைக் கவிழ்க்க அதுவே போதும், எல்லாமே மெல்லப் பிறந்தவை என்று சொல்ல வாயெடுக்க ஏலாது. பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா? எடுக்க ஒரு நியாயம் கண்டுபிடிப்பது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் அவசியமில்லாமல் எடுத்துவிட்டு மேற்பார்வையாளரிடம் ஏன் ஏச்சு வாங்கவேண்டும் என்று தோன்றியது. எண்ணை ஒருதரம் பார்த்தால் போதும், எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யலாம்.

செவ்வாய்க்கிழமை மச்சாள் கந்தோரிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். சோறும் பாரைமீன் குழம்பும் போட்டுக் கொடுத்துவிட்டு, உறையை ஒரு நிமிசம் தாருங்கள், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். முடிந்துவிட்டதா, எழுதித் தருகிறீர்களா என்று கேட்டாள். இல்லை, ஒரு சின்ன விசயம் பார்க்கத்தான் என்றேன்.

"ஏலாது மச்சாள்," என்றாள். மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னாள்.

நான் நயமாகக் கேட்டேன். பிறகு நியாயம் சொன்னேன். பிறகு சத்தம் போட்டேன். ஆறு வருடத்தைச் சொன்னேன், வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். கடைசியில் உண்மையாகவே கண்ணீரும் வந்துவிட்டது. அவள் அசையவில்லை. அழுதாலும் தரக்கூடாது என்று நான் சொன்னதை அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

"முத்திரை ஒட்டிக் காலம் போக்கிற உங்களுக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும்?"

அவள் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். படலைக்கு வெளியே மான் ஒன்று எங்கள் செவ்வரத்தைச் செடியைத் தின்றுகொண்டிருந்தது. வழக்கமாக அவள் அதோடும் நாலு வார்த்தை கதைத்துவிட்டுத்தான் போவாள். அன்று அதையும் பார்க்கவில்லை.

அன்று மாலையிலிருந்து அவள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. புதன்கிழமையும் இல்லை. சாதாரணமாக எங்கள் வீட்டில் அவளுடைய சத்தம்தான் சத்தம். குசினிக்குள் பாட்டு, போனில் சிரிப்பு, கந்தோர்க் கதை. அந்த இரண்டு நாளும் நான் அறைக்குள் போனால் அவள் வெளியே போனாள். சொல்லவேண்டியதைத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். சொதி சட்டிக்குள் இருக்கிறது. காஸ் முடியப் போகிறது. வட்டமான, திருத்தமான கந்தோர் எழுத்து. எனக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் இருந்தது. வாய் தவறி ஒரு சொல் வந்ததற்கு இவ்வளவு பெரிய கோபம் காட்டவேண்டுமா என்று நானும் வீராப்பாக இருந்தேன். மன்னிப்புக் கேட்பது என் சாதகத்திலேயே இல்லை.

வியாழன் காலையில் ரியூசன் முடிந்தவுடன் ஓட்டோ பிடித்து அவளுடைய கந்தோருக்கே போனேன். நாலு பேர் பார்க்க என்னோடு முகத்தை முறிக்கமாட்டாள், அங்கே வைத்துக் கேட்டால் தந்துதான் ஆகவேண்டும் என்பது என் தந்திரம். உறை வீட்டில் இருந்தால் என்ன, அலுமாரிச் சாவி அவளுடைய கைப்பைக்குள்தான். அவளுடைய யன்னலுக்கு முன் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நானும் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் நின்றவர் சம்பூரிலிருந்து வந்தவர். முப்பது வயதிருக்கும், கையில் பொலித்தீன் பையில் சுற்றிய பத்திரங்கள். கடவுச்சீட்டு எடுக்கவேண்டும், பிறந்த திகதி ஒரு மாதம் பிழையாக இருக்கிறது, அதை முன்னுக்குக் கொண்டுவந்து தாருங்கள் என்று கேட்டார். ஊரைவிட்டு இடம்பெயர்ந்த காலத்தில் எல்லாப் பத்திரமும் போய்விட்டது, இது பிறகு எடுத்த பிரதி, திகதி பிழை என்று தாய் எப்போதும் சொல்லுவார் என்றார். பாவமாக இருந்தது. நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் அப்போதே பேனையை எடுத்திருப்பேன்.

மச்சாள் பேனையைத் தொடவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"இதில முந்தி ஆரும் திருத்தம் செய்தவையோ?"

அவருக்குத் தெரியவில்லை. அவள் உள்ளே போய்ப் பெரிய பதிவுப் புத்தகத்தைத் தூக்கிவந்து, பக்கத்தைப் புரட்டி, ஓரத்தில் சிறிய எழுத்தில் கிடந்த குறிப்பில் விரலை வைத்தாள். அவருடைய தகப்பன் வந்து அதே ஒரு மாதத்தை முன்பே திருத்திவிட்டுப் போயிருக்கிறார். கையில் இருப்பது திருத்திய பிரதி. அது சரியான திகதி.

"இதை நான் திரும்பவும் திருத்தினா அது புதுப்பிழை, தம்பி. உங்கட அப்பா சரியாச் செய்துதான் விட்டிருக்கிறார்."

அவர் கொஞ்ச நேரம் அந்த ஓரக்குறிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். தகப்பனின் கையெழுத்தும் அதில் இருந்தது போல. எனக்கோ விலகி நின்ற என் சோடி ஞாபகத்துக்கு வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். நிலாவெளிக்குப் போகிற பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தால் வீதியோரம் நிற்கிறவர் பின்னால் போவதுபோலத் தெரிவார். அவர் உண்மையில் எப்படிப் போகிறார் என்று அறிய பஸ்ஸின் வேகத்தைக் கழிக்கவேண்டும். நாம் விண்மீன்களைப் பார்ப்பதும் ஓடுகிற பஸ்ஸுக்குள் இருந்துதான், சூரியனும் நாமும் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறோம். ஆகவே என் நிரல் முதல் வேலையாக நம்முடைய ஓட்டத்தை எல்லாச் சோடியிலிருந்தும் கழித்துவிடும். ஆனால் அந்த விலகி நின்ற சோடியின் அளவீட்டை நான் வேறு யாரோ தயாரித்த அட்டவணையிலிருந்து எடுத்தேன். அவர்கள் ஏற்கெனவே கழித்துவிட்டுத்தான் போட்டார்களா? நான் கேட்கவேயில்லை. ஒரு நாளும், ஒரு தடவையும்.

யன்னலுக்குப் போகாமலே வரிசையை விட்டு விலகினேன். மச்சாள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. நானும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டவணையைத் திறந்தேன். அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரியான எழுத்தில், அடிக்குறிப்பு. சூரியனின் ஓட்டம் கழிக்கப்பட்டது என்று ஒரே வரி. ஆறு வருடமாக வாய் கிழியப் பேசிய பெரிய ஆராய்ச்சிக்காரி அந்த ஒரு வரியை வாசிக்கவில்லை. கழித்ததை மறுபடி கழித்திருக்கிறேன். அந்த ஒன்று மட்டுமல்ல, அதே அட்டவணையிலிருந்து எடுத்த சோடிகள் மொத்தம் நாலு. மற்ற மூன்றும் என் செல்லப் பிள்ளைகள். வரைபில் நான் சொன்ன இடத்தில் அடக்க ஒடுக்கமாக நின்றபடியால் அவற்றை நான் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

நாலையும் திருத்தினேன். நிரல் ஓடி முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. விலகி நின்ற சோடி இறங்கி வந்து எல்லாவற்றுக்கும் கீழே போய் நின்றது. நான் வெளியே தள்ளப் பார்த்த அதுதான் எல்லாவற்றிலும் மெதுவாகப் பிறந்தது. ஆனால் வேறு திசையில் ஓடுகிற செல்லங்கள் மூன்றில் இரண்டு துள்ளி மேலே ஏறிவிட்டன. அவை என் கட்சிக்குள் நிற்குமா, கட்சியைக் கவிழ்க்குமா என்பது உறைக்குள் இருந்தது. அந்த இரண்டையும் நீக்க ஒரு நியாயம் தேடலாமா என்று ஒரு கணம் கை துறுதுறுத்தது, மறைக்க மாட்டேன். தேடவில்லை. ஒரு தாளை எடுத்து, முடிந்தது, இனி எதையும் தொடமாட்டேன் என்று எழுதி, கையெழுத்தும் திகதியும் வைத்தேன்.

ஐந்து மணிக்கு மச்சாள் வந்தாள். செருப்பைக் கழற்ற முன்பே தாளை நீட்டினேன். வாசலில் நின்றபடியே வாசித்தாள். திகதியைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அலுமாரிப் பக்கம் போவாள் என்று பார்த்தேன், போகவில்லை. நேரே வந்து என் லப்டொப்புக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். எண்ணைச் சொன்னாள். முதலில் ஒவ்வொரு இலக்கமாக, பிறகு முழுதாக. தசமத்துக்குப் பிறகு வரும் இரண்டு இலக்கமும் உட்பட.

நான் ஒவ்வொன்றாக அழுத்தினேன். செவ்வாய்க்கிழமை எந்த எண்ணுக்காக இந்த வீட்டையே இரண்டாக்கினேனோ, அது இப்போது திரையில் நின்றது. கடைசிப் பொத்தானை அழுத்த மட்டும் கை வரவில்லை. எனக்கு! பயம் என்றால் என்ன என்று பிள்ளைகளைக் கேட்கிற எனக்கு.

"அமத்துங்கோ மச்சாள்," என்றாள். "எது வந்தாலும் பதியத்தானே வேணும்."

அமத்தினேன். சோடிகள் கீழே இறங்கின. பெரும்பாலானவை மெல்லப் பிறந்தவைதான், சந்தேகமே இல்லாமல். என் கட்சி நின்றது. ஆனால் அந்த இரண்டும் பலமான உதை வாங்கியவை, வாங்கியும் பிரியாமல் நின்றவை. எல்லாமே என்று ஆறு வருடமாக நான் சொன்ன சொல் பிழை. முடிவுரைக்கு விட்டிருந்த வெற்றிடத்தில் பெரும்பாலானவை என்று எழுதினேன். அந்த இரண்டையும் பற்றி இரண்டு பந்தி எழுதினேன். மேற்பார்வையாளர் பிறகு அந்த இரண்டு பந்திதான் ஆய்வேட்டிலேயே நல்ல இடம் என்றார், ஆனால் அது பிறகு. அப்போது நான் இன்னொரு கணக்கையும் செய்து பார்த்தேன், யாரும் கேட்காமலே. செவ்வாய்க்கிழமை அவள் எண்ணைத் தந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று. எதிர்த்த ஒன்றைத் துணிந்து நீக்கியிருப்பேன், செல்லங்கள் மூன்றும் சொன்ன இடத்தில் நின்றிருக்கும். எல்லாமே மெல்லப் பிறந்தவை என்று அழகாக, மாசுமறுவில்லாமல், முழுப் பிழையாக வந்திருக்கும். நானும் கையெழுத்து வைத்து அனுப்பியிருப்பேன்.

அதை அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, முத்திரை என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு நாளாக நீங்கள் கோபத்தில் முகம் கொடுக்காமல் இருந்தது நியாயம்தான் என்றும் சொன்னேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"கோபம் செவ்வாய்க்கிழமை பின்னேரமே போயிட்டுது. அந்த இலக்கம் எனக்கு மனப்பாடம், மச்சாள். ஆறு மாதமா வாய்க்குள்ளேயே கிடக்குது. நீங்கள் அழுதநீங்கள்தானே. இனி உங்களோட வாய் திறந்தா இரக்கத்தில சொல்லிப்போடுவன் எண்டு பயத்திலதான் கதைக்காம இருந்தனான்."

அவள் எழுந்து குசினிக்குள் போனாள். உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு கந்தோரில் அன்றைக்கு என்ன நடந்தது என்று சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள், சம்பூர்க்காரர் போகும்போது அந்த ஓரக்குறிப்பைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார் என்றாள். இரண்டு நாள் கதையையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். நான் குசினி வாசல்படியில் இருந்து கடைசிவரை கேட்டேன்.